கெடுத்தவன் குடுக்கட்டும்

எங்கள் ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் கடைசி வரிசைக் கதிரையில் அவர் இருப்பார். கூட்டம் முடியப் போகிறது, தேத்தண்ணி வரப் போகிறது, எல்லோரும் கழற்றிவிட்ட செருப்பைக் காலால் துழாவத் தொடங்கிவிட்டார்கள் என்கிற நேரம் பார்த்துக் கையைத் தூக்குவார். அந்தக் கை எழும்பினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது எனக்குத் தெரியும், தலைவருக்குத் தெரியும், தேத்தண்ணி ஊற்றுகிறவளுக்கும் தெரியும்.

"கெடுத்தவன் குடுக்கட்டும்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கையை இறக்கி, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ பெரிய வழக்கைத் தீர்த்து வைத்தவர் மாதிரி வெளியே பார்ப்பார். இரண்டு மணித்தியாலம் தொண்டை கிழியக் கதைத்து ஊரை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்த நான் பேனையை மூடிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

நான் ஊர் விவசாயிகளின் சங்கமான கமக்காரர் அமைப்பின் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுவதும், கூட்டத்துக்கு வராதவர்களிடம் ஏச்சு வாங்குவதும்தான் என் வேலை. புளியங்குளம் சந்தியிலிருந்து உள்ளே பிரிந்து போகிற மண் ரோட்டின் முடிவில் எங்கள் ஊர் இருக்கிறது. ஊருக்கென்று ஒரு சின்னக் குளம். குளம் நிறைந்தால் எங்களுக்கு மாரியில் விதைக்கிற காலபோக நெல். நிறையாவிட்டால் அடகுக் கடை.

அந்தக் குளத்துக்குத்தான் கேடு வந்தது. மேலே காட்டுக்குள் டிப்பர்கள் வந்து ரோட்டுக்குப் போடுகிற கிரவல் மண் வெட்டி ஏற்றின. வெட்டிய இடமெல்லாம் வீட்டை இறக்கி வைக்கலாம் போன்ற கிடங்குகள். மழை பெய்தால் தண்ணீர் முதலில் அந்தக் கிடங்குகளுக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். மிஞ்சினால்தான் குளத்துக்கு. மிஞ்சி வருவதும் தண்ணீராக வராது, சேறாக வரும். குளத்தின் வயிறு வருஷா வருஷம் மேடாகிக்கொண்டு போனது. கிடங்குகளை மூட வேண்டும், வரத்து வாய்க்காலைத் துப்புரவாக்க வேண்டும், குளக்கட்டை உயர்த்தி ஓரத்தில் மருது நட வேண்டும். அதற்கு ஊர்ச்சனம் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதற்குத்தான் அந்தக் கை.

கஞ்சத்தனம் என்று சொல்லவும் வழியில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஒருநாள் விடிந்தும் விடியாமலும் என் வேலிப் படலையடியில் நின்றார். சேட்டின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தது. அந்த மனிதர் சித்திரை வெயிலிலும் அதைத் திறந்ததில்லை. கையில் நாலைந்து முருங்கைத் தடி.

"என்ன அண்ணை, வெள்ளனவே?"

"என்ரை ஆடு உம்மடை முருங்கைக் கண்டைத் திண்டிட்டுது, தங்கச்சி."

"எப்ப?"

"இப்பதான். பின்வளவிலை. நீர் இன்னும் பாக்கேல்லைப் போலை."

நான் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தாலும் யாருடைய ஆடு என்று எனக்கு எப்படித் தெரியும்? தானே மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டி, தடிகளை நட்டு, தண்ணீர் ஊற்றி, வேலியில் ஆடு புகுந்த பொட்டையும் அடைத்துவிட்டுப் புறப்பட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்றேன்.

"நட்டத்துக்கு வந்தனான். தேத்தண்ணிக்கு இல்லை."

போய்விட்டார். நல்ல மனிதர் என்றுதானே நினைப்பீர்கள்? இருங்கள். அடுத்த மாதம் வாத்தியாரின் மாடு இவருடைய மரவள்ளியில் வாய் வைத்தது. இவர் வாத்தியாரின் படலையில் போய் அதே மாதிரி நின்றார். ஏசவில்லை, சத்தம் போடவில்லை. நின்றார். மறுநாளும் நின்றார். பாவம் வாத்தியார், ஒரு கிழமை பின்வேலியால் புகுந்து பள்ளிக்கூடம் போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் மரவள்ளித் தடி வெட்டிக்கொண்டு வந்து நட்டுக் கொடுத்தார். தனக்கு ஒரு நீதி, பிறத்தியாருக்கு ஒரு நீதி என்று அவரிடம் கிடையாது. ஒரே நீதி. அதை வைத்துக்கொண்டு ஊரைப் படுத்தினபாடு.

அவருடைய வீட்டுச் சுவரைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். சண்டைக் காலத்துக்கு முந்திய கல்வீடு. முன் சுவர் முழுக்கத் துப்பாக்கிச் சன்னம் துளைத்த ஓட்டைகள். இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனம் எல்லாம் பூசி, வெள்ளையடித்து, மாபிள் பதித்துக்கூட முடித்துவிட்டது. இவர் மட்டும் தொடவில்லை. மழைக்காலத்தில் அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவா, ஓட்டை ஓட்டையாக உரப்பைத் துண்டு திணித்துக்கொண்டு நிற்பா.

"சீமெந்து ஒரு பை காணும். ஒரு நாள் வேலை. பூசினால் என்ன?" என்று அக்கா கத்துவா.

"துளைச்சவன் வந்து பூசட்டும்."

"ஓம், அவன் கரண்டியோடை புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறான்! வழியைப் பாத்துக்கொண்டு இரும்!"

எந்த ஓட்டையை எவன் போட்டான் என்று கடவுளுக்கே கணக்குத் தெரியாது. அந்த மனிதர் அதற்கும் அசையவில்லை. அக்கா என் வீட்டுக்கு வந்து தலையிலடித்து அழுதிருக்கிறா. "தான் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால் எண்டு நிக்கிற மனிசனைக் கட்டி, நான் நனைஞ்சே சாகப் போறன்."

குளத்துக் கதைக்கு வருகிறேன். முதலில் கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் ஆய்வுக்கென்று வந்தார்கள். வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி: குளத்தையும் காட்டையும் பழையபடி ஆக்குவதற்கு நீங்கள் மாதம் மாதம் எவ்வளவு கொடுக்க விருப்பம்? கேட்டதுதான் தாமதம், எங்கள் சனம் அள்ளி விட்டது. வீட்டுக்கு வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்து 'தரமாட்டன்' என்று சொல்ல எங்கள் ஊரில் ஒருவருக்கும் நா எழாது. அது பண்பில்லாத வேலை. வெயிலில் வந்த பிள்ளைக்குத் தோடம்பழக் கரைசல் கொடுப்பது மாதிரி ஒரு நல்ல தொகையையும் சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைகளோ சொன்னதையெல்லாம் உண்மை என்று நம்பிப் பதிந்துகொண்டார்கள். நான் கூடப் போனேன். சொன்னவர்களின் பெட்டியில் என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நானும் அந்த ஊர்க்காரிதானே, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவருடைய வீட்டு முற்றத்தில் ஒரு மெல்லிய பெட்டை போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஐயா, நீங்கள் எவ்வளவு குடுப்பியள்?"

"ஒண்டும் இல்லை."

"வசதி இல்லையோ ஐயா?"

"வசதி இருக்கு."

"அப்ப குளம் உங்களுக்கு முக்கியமில்லையோ?"

"குளம் இல்லாட்டில் நான் என்னத்தைத் திண்டு உயிரோடை இருக்கிறது, பிள்ளை?"

"பிறகேன் ஐயா குடுக்கமாட்டன் எண்டுறியள்?"

"கெடுத்தவன் குடுக்கட்டும்."

அவள் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அதில் அந்தப் பதில் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? 'வேறு' என்றிருந்ததை அமத்திவிட்டு எழும்பினாள்.

அந்த ஆய்வை நம்பி ஒரு நிறுவனம் வந்தது. எங்கள் சனம் அள்ளித் தரும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பெரிய செலவு எங்கடை. ஆனால் எல்லாக் குடும்பமும் ஒரு சின்னப் பங்களிப்புப் போட வேணும். ஒரு குடும்பம் விட்டாலும் ஏலாது. ஐப்பசி மழைக்கு முன்னம் முடியாட்டில் அடுத்த ஊருக்குக் குடுத்திடுவம்" என்று அதன் உத்தியோகத்தர் சொன்னார். கேட்ட காசு, சனம் சொன்ன காசில் கால்வாசியும் இல்லை.

நான் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். அன்றைக்குத் தெரிந்தது எங்கள் ஊர்ச்சனத்துக்கு எத்தனை பின்வேலி இருக்கிறது என்று. அள்ளித் தருவோம் என்றவர்கள் எல்லாம் "வாற கிழமை வாங்கோ" என்றார்கள். வாற கிழமை போனால் வீட்டுக்காரர் கிளிநொச்சிக்குப் போயிருப்பார். கடைசியில் எல்லோருக்கும் ஒரே பதில் கிடைத்துவிட்டது: "கடைசிக் கதிரை அண்ணை குடுத்திட்டாரோ? அவர் குடுக்கட்டும், பிறகு நான் தாறன்." பொய் சொன்னவன் எல்லாம் உண்மை சொன்ன ஒருவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. நேரே அவருடைய வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, உங்கள் ஒருத்தராலை ஊர் அழியப் போகுது."

"நான் அழிக்கேல்லைத் தங்கச்சி. கெடுத்தவன்..."

"நிப்பாட்டுங்கோ! கெடுத்தவன் குடுக்கட்டும், கெடுத்தவன் குடுக்கட்டும். சரி. அலைகரையிலை உழுந்து போட்டது ஆர்? டிப்பர்காரனோ?"

கோடையில் தண்ணீர் வற்ற வற்றக் குளத்துக்குள் வெளிக்கிற ஈர நிலம்தான் அலைகரை. அதை உழக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உழுதால் மண் இளகி, மழையோடு குளத்துக்குள் இறங்கிவிடும். நெல் பொய்த்த வருஷங்களில் ஊரே இறங்கி உழுது உழுந்து போட்டது. அவரும் போட்டார்.

அவர் வாய் திறந்தபடி நின்றார். உரப்பைத் துண்டோடு சுவரடியில் நின்ற அக்கா, "அப்பிடிக் கேள், பிள்ளை!" என்றா. இத்தனை வருஷத்தில் அந்த மனிதரின் வாயை அடைத்தவள் நான்தான் என்ற சந்தோஷப் புளுகத்தோடு வீட்டுக்கு வந்து மீன் வெட்டினேன்.

மறுநாள் காலை படலையில் நிற்கிறார். கையில் காசு. என் பங்குக்கு நான் கடவுளைக் கும்பிட்டுவிட்டு ரசீது எழுத உட்கார்ந்தேன்.

"இதென்ன போட்டிருக்கு, நன்கொடை எண்டு?"

"அச்சடிச்சது அப்பிடித்தான் அண்ணை."

"வெட்டும் அதை. நான் தானம் பண்ண வரேல்லை. அலைகரையைக் கெடுத்தனான், அதுக்குத் தாறன். நட்டஈடு எண்டு எழுதும்."

எழுதினேன். எழுதாமல் விட்டால் அங்கேயே நின்றுவிடுவாரே. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மற்றவை எப்ப குடுக்கினம்?"

"எவை?"

"அலைகரையிலை உழுதவை. உம்மடை மனிசனும் உழுதவர்தானே."

என் வாயால் நானே தேடிக்கொண்ட வினை. அன்றிலிருந்து வீடு வீடாக அவரே இறங்கினார். பங்களிப்பு, பொதுநலம், வருங்காலச் சந்ததி என்று நான் சொல்லித் திரிந்த ஒரு சொல்லையும் அவர் சொல்லவில்லை. படலையில் நின்று, "நீ மருதடியிலை இருந்து துருசு மட்டும் உழுதனி" என்பார். துருசு என்றால் குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற மடை. எவன் எதிலிருந்து எதுவரை உழுதான் என்பது அவருக்கு மனப்பாடம். காசு வாங்கும்வரை நகரமாட்டார். "இந்தாளை அனுப்பி விடுங்கோ, தாறன்" என்று சனம் என்னிடம் ஓடி வந்தது. என் வீட்டுக்காரர் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எழும்பிப் போய்க் காசு கொடுத்தார், பிறகு இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஒரு குடும்பம் மிஞ்சாமல் காசு சேர்ந்தது. ரசீதுப் புத்தகத்தைப் பார்த்த நிறுவன உத்தியோகத்தர் தலையைப் பிடித்துக்கொண்டார். "என்ன அக்கா இது, எல்லாத்திலையும் நட்டஈடு? மக்கள் பங்களிப்பு எண்டல்லோ இருக்க வேணும்? மேலிடத்திலை கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்னைக் கேட்டால்? நான் அவரிடமே போய்க் கேட்கச் சொன்னேன். போகவில்லை. புத்திசாலி.

வரத்து வாய்க்கால் துப்புரவானது. மருது நட்டார்கள். குளக்கட்டை உயர்த்தி, தெற்குப் பக்கம் ஒரு துண்டு மிச்சமிருக்கக் காசு முடிந்துவிட்டது. கிடங்குகள்? "அது எங்கடை திட்டத்திலை இல்லை" என்றார்கள். படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வாய்க்கால் பளபளவென்று இருக்கிறது, அதில் வருவதற்குத் தண்ணீரைக் காணவில்லை. மேலே கிடங்குகள் குடித்துக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு அவர் வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு புளியங்குளம் சந்திக்குப் போகத் தொடங்கினார். டிப்பர் முதலாளியின் யார்ட் அங்கேதான். முதலாளி எங்கள் பக்கத்துப் பெடியன்தான், பொல்லாதவன் இல்லை. ஒருநாள் மருந்து வாங்கப் போன நானும் அந்தக் கூத்தைப் பார்க்க நேர்ந்தது. பெடியன் கதிரை போட்டு உட்கார்த்தித் தேத்தண்ணி கொடுத்தான். இவர் குடித்துவிட்டு அதற்குரிய காசை மேசையில் வைத்தார்.

"அண்ணை, நான் பெர்மிட் எடுத்துத்தான் வெட்டினனான்."

"ஓம் தம்பி. அது வெட்டப் பெர்மிட். மூட ஆர் வாறது?"

"சரி, இவ்வளவு நாள் வந்து போறியள். குளத்துக்கெண்டு ஒரு தொகை தாறன். உங்கடை சங்கத்திலை வைச்சுக் குடுப்பம், பேப்பரிலையும் போடுவினம்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் காசு இருந்தால் தெற்குத் துண்டை முடித்துவிடலாம். சம்மதியுங்கோ அண்ணை என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"நன்கொடை வேண்டாம் தம்பி. நீர் தோண்டின கிடங்கை நீர் மூடும்."

சந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி அவரை ஏசினேன். "வாற சீதேவியைக் காலாலை உதைக்கிறியளே, உங்களுக்கு விசரே?" சைக்கிளைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "காசு வாங்கினால் கிடங்கு அவன்ரை இல்லாமல் போயிடும், தங்கச்சி. எங்கடையாயிடும்." விளக்கம் வேறு!

போன வருஷம் நெல் சூடடிப்பு முடிந்த கையோடு, நெஞ்சு நோகிறது என்று மத்தியானம் படுத்தவர் எழும்பவில்லை. நான் அழுதேன். இவ்வளவு ஏசியும் ஏன் அழுகிறேன் என்று எனக்கே கோபம் வந்தது. ஓட்டைச் சுவருக்கு முன்னால் பந்தல் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். அப்போதும் கழுத்துப் பொத்தான் பூட்டித்தான் இருந்தது, அக்கா பூட்டிவிட்டிருந்தா.

டிப்பர் முதலாளி வந்தான். உண்மையாகவே கண் கலங்கியிருந்தான். செத்தவீட்டுச் செலவுக்கென்று ஒரு தடித்த என்வலப்பை அக்காவின் கையில் வைத்தான். செத்தவீட்டில் கொடுக்கிற காசை எங்கள் பக்கத்தில் ஒருவரும் திருப்புவதில்லை. எதிரி கொடுத்தாலும் வாங்குவார்கள். அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு அதை அவன் கையிலேயே திருப்பி வைத்தா.

"இஞ்சை நீங்கள் ஒண்டையும் கெடுக்கேல்லைத் தம்பி. கெடுத்த இடத்திலை கொண்டுபோய்க் குடுங்கோ."

சாகும்வரை அந்த மனிதரோடு மல்லுக்கு நின்ற அக்கா! பெடியன் என்வலப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு தலை குனிந்து போனான். தலைவர் என் காதுக்குள், "போச்சு. தெற்குத் துண்டு போச்சு" என்றார்.

இந்த ஐப்பசி பிறக்க ஒரு கிழமை இருக்கும்போது, வானம் வடகிழக்கில் கறுத்துக்கொண்டு நின்ற ஒரு முற்பகலில், குளக்கட்டுக்கு ஒரு டிப்பர் வந்தது. லோட் நிறைய மண். முதலாளி அனுப்பினாராம், குளக்கட்டுக்காம், காசு வேண்டாமாம். தலைவருக்குத் தலைகால் தெரியவில்லை. பதிந்து கிடந்த தெற்குத் துண்டைக் காட்டி, "இஞ்சை கொட்டு, இஞ்சை கொட்டு" என்று முன்னால் ஓடினார். எனக்கும் சந்தோஷம்தான். ரசீதுப் புத்தகத்தை எடுத்து விரித்தேன். நன்கொடை என்றதை வெட்டப் பழகிய கை தானாகவே வெட்டியது. நட்டஈடு என்று எழுதினேன். எதற்கு நட்டஈடு என்று எழுத வேண்டிய இடத்தில் பேனை நின்றது.

"தம்பி, இது எங்கை வெட்டின மண்?"

"உங்கை மேலைதான் அக்கா, காட்டுக்குள்ளை. நேற்றுத்தான் புதுசாக் கிடங்கு திறந்தது. கிட்டத்திலை, டீசல் மிச்சம்" என்றான் டிரைவர் சிரித்துக்கொண்டு.

"கொட்டாதை. எடுத்த கிடங்கிலையே கொண்டுபோய்க் கொட்டு."

"என்ன?" என்று தலைவர் திரும்பினார். "உமக்கென்ன விசரே? மழை வருது, கட்டு பதிஞ்சு கிடக்கு, சும்மா வாற மண்ணைத் திருப்புறீரே?" அவர் கத்தியது ஒவ்வொன்றும் நான் ஒரு காலத்தில் கத்தியதுதான். டிரைவர் முதலாளிக்கு அடித்துப் போனை என்னிடம் தந்தான்.

"என்ன அக்கா, சும்மா தாறதையும் வேண்டாம் எண்டுறியளாம்?"

"சும்மா தாறதைத்தான் தம்பி வேண்டாம் எண்டுறன். நீர் தோண்டின கிடங்கை நீர் மூடும்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"அந்த மனிசன் செத்தும் என்னை விடுறாரில்லை. டிரைவரிட்டைக் குடுங்கோ."

டிப்பர் திரும்பிக் காட்டுப் பக்கம் போனது. வழியில் எங்கேயாவது விற்றுவிடுவான் என்று நானும் பின்னால் ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தேன். கிடங்குக்குள்தான் கொட்டினான். ஆனால் பக்கத்தில் பழைய கிடங்குகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தன, அவற்றுக்கு ஒரு கூடை மண்ணும் விழவில்லை. திரும்பி வந்தபோது தலைவர் ஆட்களோடு உரப்பைகளில் மண் நிரப்பித் தெற்குத் துண்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். நான் ஒரு பையின் வாயைப் பிடித்துக்கொண்டு குந்தினேன்.

"உமக்கும் அந்தாளின்ரை வருத்தம் தொத்திட்டுது" என்றார், மண்ணை அள்ளிப் போட்டபடி.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான் புளியங்குளம் சந்திக்குப் போக வேண்டும், அக்காவும் வருகிறாவாம். கண்டறியாத மனிதர். தான் தூக்கி வைத்திருந்த கையை என் தோளில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.